திருநாட்காலத்தில் பார்ப்பதும் பாடுவதும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் வட்டாரத்தில் பொழுது இசையோடுதான் புலரும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். ஆகையால் அங்கு மட்டுமன்றி, வத்திராயிருப்பிலும் நம் சுந்தரபாண்டியத்திலும் விடியுமுன்பே திருப்பாவை ஒலிபெருக்கி வழியாக வந்து நம்மை எழுப்பிவிடும். நாளுக்கு ஒன்றாக முப்பது பாசுரங்கள். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா பெரும்பாலும் மார்கழியின் பத்தாம் நாளில் வருகின்றது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, வீடு வந்து, சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் பத்தாம் பாசுரம் நம் செவியில் விழும். அயல் வீட்டாரின் பத்திப் பாடல்தான். ஆயினும் அதில் ஒரு சிறப்பை நாம் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறோம். பாடுகிறவள் தனியே போவதில்லை. தோழியரை வீடு வீடாகச் சென்று எழுப்பி, எல்லாரையும் சேர்த்துக்கொண்டு போகிறாள். திருவருகைக்காலத்தில் நட்சத்திர விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பாடிச் செல்லும் நம் இளைஞர்களுக்கு இது அறிமுகமான காட்சியன்றோ!

அரையாண்டுத் தேர்வு முடிந்த நாள் முதல் மூன்று இராசாக்கள் திருநாள் வரையில், பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். வெளியூரில் வேலை பார்ப்போரும் வந்து சேர்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ இராஜபாளையத்துக்கோ போகவேண்டும். இன்று ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு படம். ஒரே கூடத்தில் ஐந்து பேர் அமர்ந்து ஐந்து வெவ்வேறு உலகங்களில் இருப்பதைக் காண்கிறோம். இந்நிலையில், குடும்பமாகச் சேர்ந்து பார்க்கத்தக்க படம் எது, சேர்ந்து கேட்கவும் பாடவும் தக்க இசை எது என்று சிலர் நம்மைக் கேட்பதுண்டு. நமக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறோம். விடுபட்டவை பல இருக்கும்.

சினிமா என்றாலே முகஞ்சுளித்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்பிய வரலாறு ஒன்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் திருச்சியில் இரயில்வே அலுவலகத்தில் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டில் துய்ப்போன் என்னும் பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு திருச்சிக்கு வந்து, நோயுற்று, தாயகம் திரும்ப நேர்ந்தபோது, அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களில் முதன்மையானது இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப்படம். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராக அதைக் காட்டிக்கொண்டு போனார் அவர். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் கட்டினார். ஆக, தமிழ் நாட்டில் எத்தனையோ எளிய மக்கள் வெள்ளைத் துணியில் முதன்முதலாக அசையக் கண்ட உருவம் நம் ஆண்டவருடையது. 1936இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதரும் திரைப்படம் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். படமே கூடாது என்று அவர் தள்ளிவிடவில்லை. நல்லதைத் தேர்ந்து பார்க்க மக்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டார்.

தமிழில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், நாம் தயங்காமல் ‘ஞானசௌந்தரி’யைச் சொல்வோம். சிற்றன்னையின் சூழ்ச்சியால் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இரு கைகளும் வெட்டப்பட்ட அரசிளங்குமரியின் கதை அது. பிலேந்திரன் என்னும் இளவரசன் அவளைக் கண்டு மணக்கிறான். அவன் போருக்குப் போன சமயத்தில் கடிதங்கள் மாற்றி எழுதப்பட்டு, அவள் மீண்டும் துரத்தப்படுகிறாள். கடைசியில் தேவமாதாவின் அருளால் கைகள் மறுபடியும் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் இதே சாயலில் ‘கைகளற்ற பெண்’ என்று ஒரு கதை உண்டு. கிரிம் சகோதரர்கள் தம் தொகுப்பில் அதனைச் சேர்த்திருக்கிறார்கள். இங்கே அது தமிழ்க் கதையாகவே ஆகிவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக எழுதினார். நவாப் இராஜமாணிக்கம் குழுவினர் மேடையேற்றினர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நாட்டுக்கூத்தாக விடிய விடிய ஆடினர்.

1948ஆம் ஆண்டில் இக்கதையை ஒரே சமயத்தில் இரண்டு நிறுவனங்கள் படமாக்கின. ஒன்று எஸ். எஸ். வாசனின் ஜெமினி, பணமும் புகழும் மிக்கது. மற்றொன்று ஜோசப் தளியத்தின் சிட்டாடல். சிட்டாடல் படத்தை எஃப். நாகூர் இயக்கினார், எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்தனர். மே மாதம் அது வெளிவந்து மக்களைக் கவர்ந்துவிட்டது. அடுத்த மாதம் வந்த ஜெமினி படம் எடுபடவில்லை. வாசன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெரிய நிறுவனம் தோற்றது ஏன் என்று பலர் பலவாறு எழுதியிருக்கிறார்கள். நம் கருத்து வேறு. சிட்டாடல் படத்துக்கு எஸ். வி. வெங்கட்ராமன் இசையமைத்த தேவமாதா வேண்டுதல் பாடல்தான் அதன் உயிர். ஞானசௌந்தரி சிறுமியாய் இருக்கையில் ஜிக்கியின் இளங்குரலில் தொடங்கி, அவள் வளர்ந்து கன்னியானதும் பி. ஏ. பெரியநாயகியின் குரலில் அதே வேண்டுதல் தொடர்கின்றது. ஒரு பெண் ஒரே செபத்தைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தாள் என்பதை வசனம் இல்லாமல், குரல் மாற்றத்தாலேயே காட்டிவிட்டார்கள். எத்தனையோ இந்துக் குடும்பங்களிலும் அப்பாடலை மனப்பாடமாய்ப் பாடிய பாட்டிமார் இருந்தார்கள். (இந்தத் தளியத்துதான் பின்னாளில், 1965இல், ‘இரவும் பகலும்’ படத்தில் ஜெய்சங்கரை அறிமுகப்படுத்தியவர் என்று சொன்னால் இளைஞர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.)

படம் பழையது, ஒலி கரகரக்கும், கதையும் மெதுவாகவே நடக்கும். பிள்ளைகள் முதல் கால் மணி நேரம் நெளிவார்கள். கைகள் வெட்டப்படும் கட்டத்துக்குப் பின் நெளியமாட்டார்கள். மிகச் சிறிய குழந்தைகளை அந்நேரத்தில் மடியில் வைத்துக்கொள்வது நல்லது.

‘அன்னை வேளாங்கண்ணி’ 1971இல் வந்தது. கே. தங்கப்பன் இயக்கம், ஜி. தேவராஜன் இசை, ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா முதலியோர் நடித்தனர். கதையைவிடப் பாடல்கள் சிறந்தவை. திருநாட்காலத்தில் நம் கோவில் ஒலிபெருக்கிகளில் இன்றும் அவற்றைக் கேட்கலாம். 1978இல் தெலுங்கில் ‘கருணாமயுடு’ என வந்த கிறிஸ்து வரலாறு தமிழில் ‘கருணாமூர்த்தி’ ஆயிற்று. பாசமலர் தந்த ஏ. பீம்சிங் தொடங்கி, முடியுமுன்பே இறந்து போனார். நம் ஊர்ப்புறத்து முகங்களையும் மண்ணையும் கொண்ட படம் என்பது அதன் சிறப்பு. ஆயினும் அதைத் தவக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம். பிறப்பு விழாவன்று பாடுகளைப் பார்த்துவிட்டு விருந்துக்கு உட்கார நமக்கு மனம் வருவதில்லை.

ஆங்கிலப் படங்களில் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965) எல்லாருக்கும் தெரிந்ததே. அதைவிட நம் ஊருக்குப் பொருத்தமானது ஒன்று உண்டு. 1946இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’. ஒரு சிற்றூர். தந்தை நடத்திய வீட்டுக் கடன் சங்கத்தை, தன் கனவுகளையெல்லாம் விட்டுவிட்டு நடத்துகிறான் ஒருவன். ஏழைகளுக்குச் சிறு கடன் தந்து வீடு கட்ட உதவுகிறான். வெளியூர் போய்ப் படிக்க வேண்டும், உலகைச் சுற்ற வேண்டும் என்று எண்ணியவன் ஒரு நாளும் ஊரை விட்டுப் போகவே முடிவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள் சங்கத்தின் பணம் எண்ணாயிரம் டாலர் தொலைந்து போகிறது. சிறைக்கு அஞ்சி, உயிரை விட எண்ணி அவன் பாலத்தின்மேல் நிற்கிறான். வானதூதர் ஒருவர் வந்து, அவன் பிறக்காமலே இருந்திருந்தால் அவ்வூர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார்.

தறியையும் தவணைச் சீட்டையும் நம்பி வாழும் வீடுகளில் இப்படத்துக்கு விளக்கம் தேவையில்லை. கடன் சங்கம் என்றால் என்ன, ஆண்டுக் கடைசியில் கணக்கு நேராகாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் நாம் அறிந்தவையே. நாம் இதனை வீட்டில் போட்டபோது, ஆங்கிலம் அறியாத நம் மாமா, அடகுக் கடைச் சீட்டைப் பார்ப்பவர்போல் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிவந்தபோது இப்படம் போட்ட முதலைக்கூட எடுக்கவில்லை. 1974இல் அதன் உரிமைப் பதிவைப் புதுப்பிக்கத் தவறினர். அதனால் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி ஆண்டுதோறும் ஒளிபரப்பின. அப்படித்தான் அது திருநாள் படமாயிற்று. இறுதிக் காட்சியில் ஊரார் ஒவ்வொருவராக வந்து, தம்மிடமிருந்த காசைக் கொட்டுகிறார்கள். கொட்டிய பிறகு என்ன செய்கிறார்கள்? எல்லாரும் சேர்ந்து பாடத் தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் யாருக்கும் குரல் நயம் கிடையாது. நமக்குப் பிடித்ததும் அதுவே.

இனி, பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

பலர் கூடிப் பல சுருதிகளில் ஒரே சமயத்தில் பாடும் முறை மேலைநாட்டில் பெருமரமாய் வளர்ந்தது. ஹாண்டெல் 1741இல் இருபத்து நான்கே நாட்களில் எழுதி முடித்த ‘மெசையா’ அதன் உச்சங்களில் ஒன்று. 1742 ஏப்ரலில் டப்ளின் நகரில் முதன்முதல் பாடப்பட்டது. தவக்காலத்து இறுதியில் பிறந்த படைப்பு எப்படியோ டிசம்பருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சென்னையில் 1893 முதல் இருந்துவரும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இத்தகைய இசையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகின்றது. முழுவதையும் ஒரே அமர்வில் கேட்க இரண்டரை மணி நேரம் ஆகும். நம் வீட்டில் முதற்பகுதியோடு நிறுத்திவிடுவோம். பிறப்பு நிகழ்ச்சி அதற்குள் வந்துவிடுகிறது.

தமிழில் கேட்கத்தக்கது, 2005இல் வெளியான இளையராஜாவின் திருவாசகம். மாணிக்கவாசகரின் பாடல்களைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடும் பாடகர் குழுவோடும் அமைத்தார். அதனை வெளிக்கொணர முன்னின்று உழைத்தவர் ஒரு கத்தோலிக்க அருள்தந்தை என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

ஆனால் இத்துறையில் நாம் அதிகம் நினைத்துப் பார்க்க வேண்டியவர் எம். பி. ஸ்ரீநிவாசன். 1925இல் பிறந்த அவர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்துப் புகழ் பெற்றவர். 1971இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். நம் இராகம் கெடாமல், நம் மொழிச் சொற்கள் சிதையாமல், பல குரல்களை அடுக்கிப் பாட முடியும் என்று பாரதியின் பாடல்களைக் கொண்டே செய்து காட்டினார். நம் மரபில் ஒருவர் பாட மற்றவர் பின்பாடுவதே வழக்கம்; அனைவரும் சமமாய், ஆனால் வெவ்வேறு வழியில் ஒரே பாட்டுக்குள் நடப்பது புதிது. சேர்ந்திசை என்ற சொல் தமிழ் மக்களிடையே பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இசை கற்றவர்களை மட்டும் தேடி அவர் போகவில்லை. பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் நிற்க வைத்துப் பாட வைத்தார். 1988இல் இலட்சத்தீவுக்குச் சென்றிருந்தபோது அங்கேயே காலமானார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டும் ஏறத்தாழ இதையே விரும்பியது. பாடகர் குழுக்களைப் பேணி வளர்க்க வேண்டும். மக்கள் தமக்குரிய பங்கைத் தாமே பாட வேண்டும். மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று அது சொல்கின்றது. அதற்கு முன் நம் பெரியவர்கள் இலத்தீனில் பாடினார்கள். பொருள் தெரியாமலே, ஆனால் எழுத்துப் பிசகாமல், தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார்கள். அத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்று நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அட்டை போய்விட்டது, மை மங்கவில்லை.

சிறிய பங்குகளில் இருப்போர் ‘மெசையா’வைக் கேட்டு மலைத்துப் போக வேண்டியதில்லை. உலகெங்கும் பாடப்படும் ‘சைலண்ட் நைட்’ பிறந்த கதையை எண்ணிப் பார்க்கலாம். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்குக்கு அருகே, ஆற்றில் உப்புப் படகோட்டுவோர் வாழ்ந்த ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர். உதவிப் பங்குத்தந்தை ஜோசப் மோர் தாம் எழுதி வைத்திருந்த கவிதையை 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபரிடம் தந்தார். அவர் அன்றே மெட்டமைத்தார். இருவரும் அன்றிரவே ஒரு கித்தாரோடு பாடினர். கடைசி அடிகளைக் குழுவினர் திருப்பிப் பாடினர். இரண்டு குரல், ஒரு கித்தார், ஒரு சிறு குழு. அவ்வளவே.

நம் சிற்றாலயத்துப் பாடகர் குழுவிலும் ஒரு காலத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். படிப்புக்கும் பிழைப்புக்கும் திருப்பூர், சென்னை, கோவை என்று பிரிந்து போய், சென்ற ஆண்டு திருவருகைக்காலத்தில் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது பேர். ஆர்மோனியம் வாசிக்கும் ஆசிரியருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பெட்டியிலும் இரண்டு கட்டைகள் ஊமை. இளைஞர் ஒருவர் எழுந்து, நல்ல எண்ணத்தோடுதான், ஒரு யோசனை சொன்னார்.

“வாத்தியாரய்யா, வானவர் கீதத்துக்கு இசைப்பதிவு கிடைக்கிறது. வயலின், டிரம்ஸ் எல்லாம் இருக்கிறது. ஸ்பீக்கரில் அதைப் போட்டுவிட்டு நாம் கூடவே பாடினால் போதாதா? கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்குமே.”

ஆசிரியர் கோபிக்கவில்லை. “நன்றாகத்தான் இருக்கும் தம்பி. ஆனால் அது நமக்காக நிற்காது. பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கினால் நான் ஒரு நொடி நிறுத்துவேன். சாமியார் குடிலில் பாலகனை வைக்கக் கொஞ்சம் தாமதமானால் இன்னொரு சுற்று வாசிப்பேன். அந்தப் பெட்டி வாசிக்குமா?”

பெரியம்மா என்று அவர் குறிப்பிட்டது நம் குழுவின் மூத்த உறுப்பினரை. ஆல்ட்டோ என்கிற இரண்டாம் குரலை நாற்பது ஆண்டுகளாகப் பாடி வந்தவர். எல்லாரும் முதற்குரலையே பாட விரும்புவார்கள். மெட்டு அதில்தான் இருக்கிறது. இரண்டாம் குரலைத் தனியே பாடிக் கேட்டால் பாட்டே இல்லாததுபோல் தோன்றும். மற்றவர் பாடும்போதுதான் அது பொருள்படும். “எனக்காக நிறுத்த வேண்டாம் வாத்தியாரே, நான் பிடித்துக்கொள்வேன்” என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். கடைசியில் முடிவு இதுதான்: வீடு வீடாகப் போகையில் பதிவிசையை வைத்துக்கொள்ளலாம், நள்ளிரவுத் திருப்பலியில் மட்டும் பெட்டியும் நம் குரல்களுமே.

இன்னொரு சிக்கல் இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி இரண்டாம் குரலுக்குச் சேர விரும்பினாள். ஆனால் டிசம்பர் 23ஆம் நாள் இரவுதான் ஊருக்கு வர முடியும். பெரியம்மா தம் பேரனை அழைத்து, கைப்பேசியில் தம் குரலைப் பதியச் சொன்னார். அடி அடியாக, நிறுத்தி நிறுத்தி, “இந்த இடத்தில் மூச்சு எடுக்காதே அம்மா, அடுத்த சொல்லுக்கு வேண்டும்” என்று நடுவே சொல்லிக்கொண்டே பாடி அனுப்பினார். பதினொரு பதிவுகள். அந்தப் பெண் இரவு வேலை முடிந்து விடுதிக்கு நடந்து போகையில் அவற்றைக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். 24ஆம் நாள் மாலை ஒரே ஒத்திகை. அன்றிரவு வானவர் கீதத்தின்போது மணிகள் முழங்க, பாலகனின் திருவுருவம் குடிலில் வைக்கப்பட, பத்துப் பேர் பாடினோம். நடுவில் ஆசிரியர் இரண்டு முறை நிறுத்திக் காத்திருந்தார். கோவிலில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பெரியம்மா இவ்வாண்டு தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்தின்போது குழுவினர் பாடினர். இரண்டாம் குரலை அந்தத் திருப்பூர்ப் பெண் பாடினாள். அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து வந்திருந்தாள். பதிவுகள் பதினொன்றும் இப்போது குழுவில் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவற்றைக் கேட்டுத்தான் பயின்று வருகிறாள். பெரியம்மா மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் அவளும் நிறுத்துகிறாள். தேவையில்லை என்று ஆசிரியர் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆர்மோனியத்தை மதுரையில் பழுது பார்த்தாகிவிட்டது. ஒரு கட்டை பேசுகிறது. மற்றொன்று மழைநாளில் மட்டும் மறுக்கிறது. ஒத்திகை ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பிறகு நடைபெறுகின்றது. வெளியூரில் இருப்போர் 23ஆம் நாளுக்குள் வந்தால் போதும். பதிவுகளை முன்கூட்டியே அனுப்புகிறோம். ஆண்குரலில் ஒருவரும், இரண்டாம் குரலில் இருவரும் இன்னும் தேவைப்படுகிறார்கள்.